சாயப்பட்டறையில் ஏழு டிகிரி: ஓர் அளவீட்டுத் திட்டம் வழிதவறித் திரும்பிய கதை

பின்னணி

பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னணுவியல் மற்றும் கருவியியல் துறை இறுதியாண்டு மாணவர்களுக்கு உணரிகள், கருவியமைப்புகள் பாடம் எடுக்கிறேன். அந்த ஆண்டு நான்கு மாணவர்கள் என் வழிகாட்டுதலில் திருப்பூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறை ஒன்றில் இறுதித் திட்டம் செய்தார்கள். அங்கே நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். பட்டறையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

பட்டறையின் சிக்கலைக் கேட்டால் எளிதாகத்தான் இருந்தது. பருத்தி நிட் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடுகிற இரண்டு சாஃப்ட்ஃப்ளோ மெஷின்கள். ரெசிபியும் துணியும் உப்பும் ஒன்றே. ஆனாலும் இரண்டாவது மெஷினில் வரும் லாட்டுகளின் (ஒரே தடவையில் சாயம் போடும் துணித் தொகுதிகளின்) ஷேடு அவ்வப்போது தள்ளிப்போனது. டையிங் மாஸ்டருக்கு வெப்பநிலை மேல் சந்தேகம். அந்தச் சாயத்துக்குத் தண்ணீர் 60 டிகிரி செல்சியசில் நிற்க வேண்டும். இரண்டு மெஷினின் மீட்டரும் 60 என்றுதான் காட்டின. "எந்த மீட்டரை நம்பறதுன்னே தெரியலைங்க சார். சூடு எவ்வளவுங்கறதை மட்டும் சரியாச் சொல்லிக் குடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் மேலாளர்.

ஷேடு தவறிய லாட்டுக்கு மறுபடி சாயம் போடுவது அந்த ஊரில் பெரிய செலவு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறை இருந்தால்தான் பட்டறை ஓட முடியும் என்றாகிவிட்டது. ஒரு லாட்டைத் திரும்பப் போட்டால் அந்த உப்புத்தண்ணீரும் சவ்வு வழியாகவும் ஆவியாக்கி வழியாகவும் மறுபடி போய் வர வேண்டும். எங்கள் அளவீடு தவறினால் அந்தச் செலவு யார் தலையில் விழும் என்பதைத் தொடக்கத்தில் நான் போதுமான அளவு யோசிக்கவில்லை.

திட்டமும் கருவிகளும்

மாணவர்கள் பெரிய திட்டத்தோடு வந்தார்கள். தனியான உணரிகள் வைத்து வெப்பநிலையை நொடிக்கு நொடி பதிவது, கைப்பேசியில் வரைபடம் காட்டுவது, சேர்ந்த தரவைக் கொண்டு ஷேடு தவறுமா என்று முன்கூட்டியே கணிப்பது. கணிக்கும் நிரல் பற்றித்தான் அவர்களுக்கு உற்சாகம் அதிகம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

உணரி பிடி 100. 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் காட்டும் பிளாட்டினக் கம்பி. ஏ வகுப்பு வாங்கினார்கள். 60 டிகிரியில் அதன் அனுமதிக்கப்பட்ட பிழை 0.27 டிகிரி, விலை குறைவான பி வகுப்பில் அது 0.6 டிகிரி. மெஷினின் சுற்றோட்டக் குழாயில் ஏற்கெனவே இருந்த காலியான தெர்மோவெல்லில் (உணரியைச் செருகும் உலோகக் குழியில்) அதைப் பொருத்தினார்கள். மேலாளர் அறை ஓரத்தில் பேனல். அதனுள் உணரியின் மின்தடையை எண்ணாக மாற்றும் மேக்ஸ் 31865 சிப்பும், நிரல் ஓடும் சிறு கணினியான இஎஸ்பி 32 போர்டும். முதல் மெஷினிலிருந்து பேனல் 14 மீட்டர், இரண்டாவதிலிருந்து 38 மீட்டர்.

கேபிள் கடைசி நாளில் வாங்கியது. பக்கத்து எலக்ட்ரிக்கல் கடையில் கிடைத்த அரை ஸ்கொயர் எம்எம் டூ-கோர், 50 மீட்டர் சுருள். உணரியிலிருந்து மூன்று கம்பிகள் வந்தன; கேபிளில் இரண்டுதான். எனவே உணரியின் தலைப்பெட்டியில் (கம்பிகளை இணைக்கும் சிறு பெட்டியில்) இரண்டைச் சேர்த்து முறுக்கி, இரு கம்பி இணைப்பாக்கிவிட்டார்கள். 14-உம் 38-உம் சேர்ந்தால் 52. குறைந்த 2 மீட்டருக்குப் பட்டறையில் கிடந்த பழைய துண்டு ஒன்றை இரண்டாவது மெஷினுக்குப் பக்கத்திலேயே முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப்போட்டார்கள். வரைபடத்தில் அந்த ஒட்டு இல்லை. எனக்கும் அது நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

டிசம்பர் இறுதி: முதல் அளவு, முதல் முடிவு

கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மீட்டர் கம்பியோடு சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. வெந்நீர்க் குடுவையில் சான்றளித்த வெப்பமானியும் எங்கள் கருவியும் 0.2 டிகிரிக்குள் ஒத்துப்போயின. பட்டறையில் மாட்டியதும் முதல் மெஷின் 62.6, இரண்டாவது 67 என்று காட்டின. மெஷின் மீட்டர்கள் இரண்டும் 60. மாதிரி எடுக்கும் குழாயில் தண்ணீர் பிடித்துக் கைவெப்பமானியால் பார்த்தோம். அதுவும் 60-ஐ ஒட்டித்தான் காட்டியது.

மாணவர்கள் தொலைபேசியில் கேட்டார்கள். பிழை ஒரே அளவில் நிற்கிறதா என்று நான் கேட்டேன். நிற்கிறது என்றார்கள். "அப்படியென்றால் நிரலில் கழித்துவிடுங்கள்" என்றேன். முதல் மெஷினுக்கு 2.6, இரண்டாவதற்கு 7 கழித்தார்கள். திரையில் இரண்டும் 60 ஆனது.

இந்த நிகழ்வில் எடுத்த முடிவுகளில் மிகத் தவறானது இதுதான், அதை எடுத்தவன் நான். ஏழு டிகிரி எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் அதை மறைக்கச் சொல்லியிருக்கிறேன். 0.27 டிகிரிக்காகக் கூடுதல் விலை கொடுத்து உணரி வாங்கியவர்களிடம் அதைச் சொன்னேன்.

விடை அரை நிமிடக் கணக்கு. அரை ஸ்கொயர் எம்எம் செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறக்குறைய 0.0345 ஓம். 38 மீட்டர் போய் 38 மீட்டர் திரும்பினால் 76 மீட்டர், 2.6 ஓம், கம்பி சற்றுச் சூடாக இருந்தால் 2.7. பிடி 100-இல் ஒரு டிகிரிக்கு சுமார் 0.384 ஓம். வகுத்தால் ஏழு. சிப்புக்குப் பிளாட்டினத்தின் மின்தடை எது, செம்பின் மின்தடை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. முழுவதையும் வெப்பநிலையாகவே படிக்கும். கம்பி மின்தடையைத் தனியே ஈடுகட்ட வேண்டும் என்பது புதிய அறிவும் அல்ல. 1880-களில் பிளாட்டின வெப்பமானியை நம்பத்தக்க கருவியாக்கிய ஹியூ காலண்டர் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர் அதற்கென்றே ஈடுசெய்யும் கம்பிகளைச் சேர்த்தார். மூன்று கம்பி, நான்கு கம்பி இணைப்புகளை நானே ஆண்டுதோறும் கரும்பலகையில் வரைந்து காட்டுகிறேன்.

பிப்ரவரி, மார்ச்: பதிவுகள் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

முதலில் எண்கள் துடித்தன. 60 நிலையாக நிற்க வேண்டிய இடத்தில் கால் டிகிரி மேலும் கீழும் ஆடியது. அந்தச் சிப்பில் மின்வழங்கல் இரைச்சலை வடிகட்டும் அமைப்பு ஒன்று உண்டு. எதுவும் மாற்றாவிட்டால் அது 60 ஹெர்ட்சுக்கு நிற்கும். நம் ஊரில் 50. ஒரு பிட்டை மாற்றியதும் துடிப்பு வெகுவாக அடங்கியது. இதை ஒரு மாணவர் தாமே தரவேட்டைப் படித்துக் கண்டுபிடித்தார். அது நல்ல வேலை. ஆனால் இதைச் சரிசெய்த மகிழ்ச்சியில் மற்றது சரியாக இருப்பதாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

பிறகு பகல், இரவு வேறுபாடு தெரிந்தது. மெஷின் மீட்டர் 60-இல் நிற்கும்போதே எங்கள் திரையில் இரண்டாவது மெஷின் பிற்பகல் இரண்டு மணிக்கு, விடியற்காலையைவிட 0.7 டிகிரி கூடுதலாகக் காட்டியது. முதல் மெஷினில் இந்த ஏற்றம் கால் டிகிரிதான். மார்ச் மாத அறிக்கையில் மாணவர்கள் எழுதினார்கள்: "இரண்டாம் மெஷின் பகலில் கூடுதலாகச் சூடாகிறது, நீராவி அழுத்த மாறுபாடு காரணமாக இருக்கலாம்." பட்டறையின் புகாரும் இரண்டாவது மெஷின் பற்றித்தானே. தேடிய விடை கிடைத்ததாக எல்லோருக்கும் பட்டது. நான் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன்.

உண்மையில் அவர்கள் அளந்தது கூரையின் வெப்பநிலை. கேபிளில் மூன்றில் இரண்டு பங்கு தகரக் கூரையை ஒட்டி ஓடியது. பின்னாளில் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்தபோது அந்த இடம் நண்பகலில் 55 டிகிரி, விடியலில் 22 டிகிரி. செம்பின் மின்தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் கூடும். கூரையடிப் பகுதியின் 1.75 ஓம் 33 டிகிரி சூடேறினால் 0.22 ஓம் கூடும். அதற்கு ஏறக்குறைய 0.6 டிகிரி. மீதிக் கம்பியின் பங்கையும் சேர்த்தால் 0.7. முதல் மெஷினின் கேபிள் குட்டையானது, அதனால் ஏற்றமும் குறைவு. நிலையான பிழை என்று நான் சொன்னது வெயிலோடு நகர்ந்துகொண்டிருந்தது. மாறும் ஒன்றிலிருந்து மாறாத எண்ணைக் கழித்தோம். மிஞ்சியதற்கு நீராவி என்று பெயர் வைத்தோம்.

டையிங் மாஸ்டர் அந்த அறிக்கையை நம்பி இரண்டு பகல் லாட்டுகளுக்கு செட் பாயின்டை (மெஷின் பிடித்து நிற்க வேண்டிய வெப்பநிலையை) ஒரு டிகிரி குறைத்தார். ஷேடு தவறவில்லை. அது நல்வாய்ப்பு, எங்கள் திறமை ஒன்றுமில்லை.

ஏப்ரல்: மழை பெய்த இரவு

ஏப்ரல் நடுவில் ஓர் இரவு கோடை மழை காற்றோடு அடித்தது. பதினொன்றே முக்கால் மணிக்கு இரண்டாவது மெஷினின் அளவு திரையில் 60-இலிருந்து 65-க்குத் தாவியது. எச்சரிக்கை நிறம் சிவப்பானது. இரவு ஷிப்ட் ஆபரேட்டர் ஓடிப்போய் நீராவி வால்வைக் கையால் பாதி மூடினார். திரை மெல்ல இறங்கி 60-க்கு வந்தது. அங்கேயே நிறுத்திவைத்தார், நாற்பது நிமிடத்துக்கு மேல்.

மெஷினின் சொந்த மீட்டர் அப்போது 55 காட்டியது. அவர் அதைப் பார்க்காமல் இல்லை. மறுநாள் எங்களிடம் சொன்னார்: "பழைய மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சனுங்க. இது காலேஜ்ல இருந்து வந்து மாட்டுனது, தப்பாக் காட்டாதுன்னுதான் வால்வ மூடுனனுங்க."

300 கிலோ துணி. ஷேடு வெளிறிப்போனது. டாப்பிங் போட்டு, அதாவது மேலே மறுபடி சாயம் ஏற்றி, சரிக்கட்டினார்கள். ஒரு முழுச் சுற்றுத் தண்ணீர், உப்பு, நீராவி, அரை நாள். ஆபரேட்டரை யாரும் திட்டக் கூடாது என்று மேலாளரிடம் நானே கேட்டுக்கொண்டேன். அவர் நம்பியது எங்களை.

கையை வைக்காமல் தேடியது

மறுநாள் காலை மாணவர்கள் உணரியை மாற்றலாம் என்றார்கள். ஒருவர் ஒளியிழை உணரி வைத்தால் மின்தடைச் சிக்கலே இருக்காது என்றார். இன்னொருவர் கம்பியில்லா முறைக்கு மாறலாம் என்றார். இரண்டும் அறிவான யோசனைகளே. ஆனால் எது கெட்டது என்று தெரியாமல் எதை மாற்றினாலும், சிக்கல் தற்செயலாகத் தீர்ந்துபோய்க் காரணம் தெரியாமலே போகும். எனவே எதையும் கழற்றாமல், அசைக்காமல், முதலில் பதிவைப் பார்ப்போம் என்றேன்.

பதிவில் அந்தத் தாவலுக்கு எடுத்த நேரம் இரண்டு நொடி. கரும்பலகை இல்லாததால் பேனல் கதவின் உட்புறத்திலேயே கணக்குப் போட்டோம். மெஷினில் ஏறக்குறைய 2,000 லிட்டர் தண்ணீர். அதை 5 டிகிரி ஏற்ற 42 மெகாஜூல் வேண்டும். இரண்டு நொடியில் ஏற்ற 21 மெகாவாட். ஒரு சிறு மின்நிலையத்தின் திறன் அது. அந்த மெஷின் முழு நீராவியிலும் நிமிடத்துக்கு மூன்று, நான்கு டிகிரிதான் ஏறும். ஆகவே சூடேறியது தண்ணீர் இல்லை என்பது எந்தக் கருவியையும் தொடாமலே உறுதியானது. பதிவைப் பின்னோக்கிப் பார்த்தால் மூன்று வாரமாகவே அரை டிகிரி, ஒரு டிகிரித் தாவல்கள் சிறிது சிறிதாக வந்து போயிருந்தன. நான்கு பேர் கைப்பேசியிலும் அந்த வரைபடம் இருந்தது. தாவலைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அடுத்த கேள்வி மழை. தண்ணீர் புகுந்து இரண்டு கம்பிகளையும் ஈரத்தால் இணைத்திருக்கும் என்றார் ஒருவர். அப்போது எப்போதும் அதிகம் பேசாத மாணவி குறுக்கிட்டார்: "ஈரம் பக்கவாட்டில் சேர்ந்தால் மொத்த மின்தடை குறையணும் சார். அளவு இறங்கணும். இங்கே ஏறியிருக்கு. தொடரில்தான் ஏதோ கூடியிருக்கு." திட்டம் முழுவதிலும் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அதுதான்.

மெஷின் காலியாக, குளிர்ந்து, 31 டிகிரியில் இருந்தது. அந்த வெப்பநிலையில் பிடி 100-க்கு 112.06 ஓம் இருக்க வேண்டும். பேனல் முனையில் கம்பியைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தோம்: 116.8. மீட்டரின் சொந்தக் கம்பிகளுக்கு 0.2 கழித்தால் 116.6. கூடுதல் 4.5 ஓம். கேபிளுக்கு உரியது 2.7. மீதி 1.8 ஓம், கிட்டத்தட்ட 5 டிகிரி, எங்கோ ஒளிந்திருந்தது. பிறகுதான் ஒருவரைக் கேபிள் நெடுக நடந்து மெல்ல விரலால் தட்டச் சொன்னோம். மெஷினுக்கு 2 மீட்டர் முன்னால், நீராவிக் குழாய்க்கு மேலே அவர் கை பட்டதும் மீட்டர் 119-க்குப் போய், 114.9-க்கு விழுந்தது.

டேப்பைப் பிரித்தபோது செம்பு கறுத்தும் பச்சை பூத்தும் இருந்தது. நான்கு மாதம் நீராவியும், சாயத்தோடு சேர்க்கும் சோடாவின் காற்றும் பட்ட முறுக்கு. மழை அதைக் கெடுக்கவில்லை. காற்றில் கேபிள் ஆடியதுதான் கடைசி உதை.

அன்று மாலை அந்த மாணவி தன் குறிப்பேட்டைக் காட்டினார். ஜனவரி மாதத் தேதியிட்ட பக்கத்தில் ஓரமாக "38 × 2 = 76 மீ. × ?" என்று எழுதியிருந்தது. ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். "மறுநாள் ரிவ்யூ சார். நீங்க கழிச்சிடச் சொல்லிட்டீங்க. நான்தான் ஏதோ தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு விட்டுட்டேன்." எனக்கு அந்த லாட்டைவிட இது வலித்தது. அதே பக்கத்தில் அவர் இப்போது ஒரு சிறு வரைபடம் போட்டார்: குறுக்கே கேபிள் நீளம், மேலே நாங்கள் கழித்த எண். 14-க்கு 2.6, 38-க்கு 7. இரண்டு புள்ளிகளையும் சேர்த்த கோடு பூச்சியத்தில் போய் நின்றது. பிழை உணரியில் இல்லை, கேபிளில் இருக்கிறது என்று சொல்ல டிசம்பரிலேயே இந்தக் கோடு போதும்.

எதை மாற்றினோம், ஏன்

மூன்று கம்பி இணைப்பு, அதாவது மூன்றாவது கம்பியின் உதவியால் கம்பி மின்தடையைக் கழிக்கும் முறை, முதலில் பேச்சுக்கு வந்தது. கேபிளை மட்டும் மாற்றினால் போதும், சிப்பும் அதை ஏற்கும். ஆனால் அது எல்லாக் கம்பிகளின் மின்தடையும் சமம் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஒரு டெர்மினல் மட்டும் அரித்து ஒரு ஓம் கூடினால் அளவு 2.6 டிகிரி தவறும். சோடாவும் நீராவியும் உள்ள இடத்தில் டெர்மினல்கள் சமமாக அரிக்காது. நான்கு கம்பி அந்தக் குறையைப் போக்கும். ஆனால் 38 மீட்டருக்கும் மிகச் சிறிய மின்னழுத்தம் பயணம் செய்யும். பக்கத்திலேயே பம்ப் மோட்டார்களின் வேகத்தை மாற்றும் விஎஃப்டி கருவிகளின் கேபிள்கள் ஓடுகின்றன; அவற்றின் மின் இரைச்சல் அதில் எளிதில் கலக்கும்.

கடைசியில் உணரியின் தலைப்பெட்டிக்குள்ளேயே டிரான்ஸ்மிட்டர் வைத்து, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக அனுப்புவது என்று முடிவெடுத்தோம். தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் சாதாரண முறை. மாணவர்களுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். இதில் புதுமை என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டார். மின்னழுத்தம் வழியில் குறையும், மின்னோட்டம் ஒரே வளையத்தில் எங்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டுவது நல்லது என்று பட்டது. தலைப்பெட்டியில் உணரிக்குப் பதிலாக, வேண்டிய மின்தடையைத் திருகி வைக்கும் டிகேட் பாக்ஸை வைத்து 123.24 ஓம் கொடுத்தோம். 0 முதல் 150 டிகிரி வீச்சில் 60 டிகிரிக்கு உரிய 10.40 மில்லி ஆம்பியர் வந்தது. பிறகு வளையத்தின் நடுவே வேண்டுமென்றே 50 ஓம் மின்தடையைச் சேர்த்தோம். பழைய ஏற்பாட்டில் அது 130 டிகிரிப் பிழை. திரையில் 60.0 அசையவில்லை. கேள்வி கேட்டவர் அந்த மின்தடையைத் தானே இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தார்.

எவ்வளவு வரை தாங்கும் என்றும் கணக்கிட்டோம். 24 வோல்ட் வழங்கல். டிரான்ஸ்மிட்டருக்குக் குறைந்தது 10 வோல்ட். மீதி 14 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 700 ஓம். பேனலில் அளக்கும் மின்தடை 150 ஓம், கேபிள் 3 ஓம். இடம் தாராளம்.

இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்தது அது பூச்சியத்தை 4 மில்லி ஆம்பியரில் வைப்பது. கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0. உணரி அறுந்தால் டிரான்ஸ்மிட்டர் அளவெல்லைக்கு வெளியே போய் நிற்கும். எனவே 3.6-க்குக் கீழோ 21-க்கு மேலோ போனால் திரையில் எண்ணே வராமல் "பழுது" என்று மட்டும் வர வேண்டும் என நிரலை மாற்றினோம். நிமிடத்துக்கு 10 டிகிரிக்கு மேல் மாறினாலும் அப்படியே. ஏப்ரல் இரவில் ஆபரேட்டர் முன் ஒரு எண் நின்றது; அதுதான் அவரை வால்வுக்கு ஓடவைத்தது.

கேபிள் ஒட்டில்லாத ஒரே நீளமாக, உறையிட்ட முறுக்கு இணையாக, விஎஃப்டி கேபிள்களிலிருந்து விலகிப் புது வழியில் போனது. உறை பேனல் பக்கம் மட்டும் தரையிணைக்கப்பட்டது. 7-உம் 2.6-உம் நிரலிலிருந்து நீக்கப்பட்டன. நொறுக்கிய ஐஸும் காய்ச்சி வடித்த நீரும் கலந்த குடுவையில் இரண்டு உணரிகளையும் வைத்துப் பார்த்தோம்; இரண்டும் 0.1 டிகிரிக்குள் நின்றன. உணரிகள் முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் இருந்தன.

மேலாளர் கேட்ட கேள்விக்குத் திரும்பி

மே மாதம்தான் பட்டறை உண்மையில் கேட்டதற்கு விடை தேட முடிந்தது. நிலையாக நிற்கும்போது இரண்டு மெஷின்களும் 0.4 டிகிரிக்குள் ஒன்றாக இருந்தன. பகல், இரவு வேறுபாடு மறைந்துவிட்டது. வேறுபாடு சூடேறும்போது தெரிந்தது. நிமிடத்துக்கு 2 டிகிரி ஏறுகையில் இரண்டாவது மெஷினின் சொந்த மீட்டர் எங்கள் அளவைவிட 3 டிகிரி பின்தங்கியது. அதாவது அதன் உணரி ஒன்றரை நிமிடம் தாமதமாக உணர்ந்தது. மீட்டர் 60-ஐத் தொடும்போது தண்ணீர் 63-ஐத் தொட்டு, சில நிமிடம் கழித்தே இறங்கியது.

தெர்மோவெல்லைக் கழற்றிப் பார்த்தால், யாரோ எப்போதோ மாற்றிய உணரி 2 சென்டிமீட்டர் குட்டை. அதன் நுனி குழியின் அடியைத் தொடவே இல்லை, இடையில் காற்று. சரியான நீளத்தில், ஸ்பிரிங் அழுத்தத்தோடு அடியில் உட்காரும் உணரியைப் போட்ட பிறகு அந்த மிகை ஒரு டிகிரிக்குள் வந்தது. ஷேடு தவறுவது குறைந்தது என்று மாஸ்டர் சொன்னார். முழுக்க இதனால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சோடா விடும் வேகத்தையும் அவர் அதே வாரத்தில் மாற்றியிருந்தார்.

கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய ஏற்பாட்டிலும் இந்தப் பின்தங்கல் பதிவில் இருந்தது. ஆனால் ஏழு டிகிரி கழித்து, வெயிலில் நகர்ந்து, அவ்வப்போது தாவிக்கொண்டிருந்த எண்களில் மூன்று டிகிரித் தாமதத்தை யாரும் நம்பிப் படித்திருக்க முடியாது. கணிக்கும் நிரலுக்கும் நான்கு மாதம் அந்த எண்களைத்தான் ஊட்டியிருந்தோம். அதைக் கைவிட்டோம். வாய்மொழித் தேர்வில் அதைக் கைவிட்ட காரணத்தை மாணவர்கள் மறைக்காமல் சொன்னார்கள்.

வகுப்பில் மாறியவை

அதுவரை என் ஆய்வகத்தில் பிடி 100 சோதனை அரை மீட்டர் கம்பியோடு நடந்தது. எல்லோருக்கும் நேர்கோடு வரும், கையெழுத்து வாங்கிப் போவார்கள். இப்போது 100 மீட்டர் கேபிள் சுருள் ஒன்றை நடுவில் வைக்கிறோம். இரு கம்பி, மூன்று கம்பி, நான்கு கம்பி என மூன்று முறையும் மாற்றி இணைத்து, சுருளைத் தலைமுடி உலர்த்தியால் சூடாக்கச் சொல்கிறேன். உணரி ஐஸில் அசையாமல் இருக்கும். திரையில் எண் ஏறும். பிறகு ஒரு கம்பியில் மட்டும் ஒரு ஓம் சேர்க்கச் சொல்கிறேன். மூன்று கம்பி முறையின் நம்பிக்கை எங்கே உடைகிறது என்று அப்போது தெரியும்.

திட்ட மதிப்பீட்டுத் தாளையும் மாற்றினோம். பழைய தாளில் திரை வடிவமைப்புக்கும் புதுமைக்கும் மதிப்பெண் இருந்தது; கம்பிக்கும் டெர்மினலுக்கும் ஒரு வரி கூட இல்லை. இப்போது முதல் ரிவ்யூவில் உணரி, கம்பி, இணைப்பு, மாற்றி, நிரல் என ஒவ்வொன்றும் எவ்வளவு பிழை சேர்க்கிறது என்று கணக்கு வேண்டும். நிரலில் ஓர் எண்ணைக் கழித்தால், அது எந்தப் பொருளிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் எழுத வேண்டும். எழுத முடியாவிட்டால் கழிக்கக் கூடாது. ரிவ்யூவில் "எனக்குப் புரியாதது" என்ற ஒரு பக்கமும் கேட்கிறோம், அதற்கும் மதிப்பெண் உண்டு. அந்தக் குறிப்பேட்டுப் பக்கத்தை நினைத்துச் சேர்த்தது அது.

இன்னும் சரியாகாதது ஒன்று இருக்கிறது. இரண்டாவது மெஷினின் தலைப்பெட்டி நீராவிக் குழாய்க்கு அருகே இருப்பதால் கோடையில் 60 டிகிரி வரை சூடாகிறது. டிரான்ஸ்மிட்டரின் எல்லை 85. எல்லைக்குள் இருந்தாலும் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதில் எனக்குக் கவலை உண்டு. நீளமான கழுத்துக்குழாய் போட்டுத் தலைப்பெட்டியைத் தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறோம், இன்னும் போடவில்லை.

அக்டோபர்

அக்டோபரில் பட்டறை எலக்ட்ரீஷியன் அழைத்தார். இரவு இரண்டாவது மெஷினுக்குத் திரையில் "பழுது" என்று வந்ததாம். லாட் என்ன ஆனது என்று பதறிக் கேட்டேன். "அது பாட்டுக்கு ஓடுச்சுங்க சார். திரையில நம்பர் இல்லைன்னதும் பையன் மெஷின் மீட்டரப் பாத்துட்டே ஓட்டிட்டான், வால்வத் தொடலைங்க. காலைல நான் தலைப்பெட்டியத் தொறந்து பாத்தேன், டெர்மினல் ஸ்க்ரூ லூசா இருந்துச்சு. முடுக்கிட்டு ஐஸ் வெச்சுப் பாத்தேனுங்க, பூச்சியத்துல நிக்குது. நோட்ல எழுதி வெச்சுட்டேன். உங்ககிட்ட சொல்லலாம்னுதான் கூப்பிட்டேன்."